இருக்கிற ஊருக்கு டிக்கெட் கிடையாது

வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்
செல்போன் கடை மாடியில் எங்கள் அலுவலகம்.
ஆட்கள் இரண்டு, நாற்காலி மூன்று.
மூன்றாவது யூபிஎஸ்ஸுக்கு.

பஸ் கம்பெனி முதலாளி சிவனணைந்தபெருமாள்
போனைக் கைநீட்டித் தூரமாய்ப் பிடித்து
நாங்கள் செய்த வெப்சைட்டைப் பார்த்தார்.
அம்பாசமுத்திரம் பக்கத்தைத் திறந்தார்.
மேலே மெனுவில் கிடந்த அம்பாசமுத்திரத்தைத் தொட்டார்.
அம்பாசமுத்திரம் வந்தது.
மறுபடி தொட்டார்.
மறுபடியும் அம்பாசமுத்திரம்.

"ஏம்மா, அம்பையில வண்டிய நிப்பாட்டிக்கிட்டு
அம்பை அம்பைன்னு ஆள் கூப்பிடுற கண்டக்டர
நான் வேலைக்கு வைப்பனா?"

சரிதான்.
வேய்ந்தான்குளத்தில் கிளம்பும்போது
சேர்மாதேவி வீரவநல்லூர் கல்லிடை அம்பை வி.கே.புரம் பாபநாசம் என்று
ஒரே மூச்சில் இழுக்கிற மனுசன்
கல்லிடையில் மூன்றே பெயரோடு நிற்பார்.
பாபநாசத்தில் வாயே திறக்க மாட்டார்.
விசிலைத் துடைத்துப் பையில் போடுவார்.

பெயரை அழிக்கவும் விடவில்லை முதலாளி.
"இருக்கட்டும். அங்கதான் நிக்கோம்னு தெரியணும்லா.
தொட்டா மட்டும் போவக்கூடாது."

அன்று சாயங்காலம் எழுதினேன்:
நிற்கிற பக்கத்தின் முகவரியும் மெனுவில் உள்ள முகவரியும் பொருந்தினால்
இணைப்பை எடு,
எழுத்தைத் தடிமனாக்கு,
அடியில் ஒரு மஞ்சள் கோடு போடு.
அவர் வண்டியின் மஞ்சள்.

ஜெபக்கனிதான் கண்டுபிடித்தாள்,
டீ கிளாஸை கீபோர்டு மேலேயே வைத்துக்கொண்டு.
"எக்கா, முகப்பு அணையவே மாட்டேங்கு."

சேர்மாதேவிக்குப் போனாலும் முகப்பு மஞ்சள்.
கட்டண விவரத்துக்குப் போனாலும்,
தொலைந்த பொருள்கள் பக்கத்துக்குப் போனாலும்.
எல்லா முகவரியும் முகப்பின் சாய்கோட்டில்தான் தொடங்குகிறது.
அதனால் எங்கே போனாலும்
நீ வீட்டில்தான் நிற்கிறாய் என்கிறது நிரல்.

அந்நேரம் பார்த்து அம்மா போன்.
"எங்க நிக்க?"
ஆபீஸ்.
"ஆபீஸ்னா, எங்க நிக்க?"
ஆறரைக்கு மேல் அவளிடம் வேறு கேள்வி கிடையாது.

பாதி பொருந்தினால் போதாது,
முழுதும் பொருந்த வேண்டும் என்று திருத்தினேன்.
முகப்பு அணைந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு இருபது வண்டி, அவருடையதேதான்.
பக்கத்து இருக்கையில்
மடியில் ஹாட்பாக்ஸோடு ஒரு அக்கா.
பேட்டை தாண்டவில்லை, தொடங்கிவிட்டாள்.
எந்தூரு?

சென்னையில் இதற்குத் திருநெல்வேலி என்றால் தீர்ந்தது.
திருநெல்வேலியில், அம்பைப் பக்கம்.
இந்த வண்டிக்குள், வி.கே.புரம்.
நிற்கிற இடத்துக்குத் தக்க மெனு.
எனக்குத் தெரிந்த வேலைதான்.

வி.கே.புரத்துல எங்க?
மில்லுப் பக்கம்.
மில்லுப் பக்கம்னா, எந்தத் தெரு?

அந்தக் கேள்வி மூடவில்லை.
வீரவநல்லூர் வந்தது, ஆள் இறங்கியது, ஆள் ஏறியது,
அவள் முகத்தில் அது திறந்தேதான் கிடந்தது.
தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
சொன்னால்
ஹாட்பாக்ஸ் இருந்த இடத்தில் இருக்கலாம்.
ஜன்னல் பக்கம் நகரலாம்.
அவ்வளவு சின்ன அசைவுதான், எத்தனையோ தடவை பார்த்தது.

"இங்கதான், உங்க பக்கத்துல இருக்கேம்லா" என்றேன்.

சிரித்த மாதிரி இருந்தது.
நிச்சயமாகச் சொல்ல முடியாது,
ஆற்றுப் பாலத்தில் உள்விளக்கை அணைத்துவிட்டார்கள்.
இருட்டில் தண்ணீர் வாடை மட்டும் வந்து போனது.

அம்பையில் வண்டி நின்றதும்
போனை எடுத்து அம்பாசமுத்திரம் பக்கத்தைத் திறந்தேன்.
மஞ்சள் கோட்டுக்கு மேலே பெயர்.
தொட்டேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
சரியாக வேலை செய்கிறது.