பின்விளக்குகள்

வெள்ளவத்தையில் நின்றுகொண்டு
கடலுக்குப் போகிறோம் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்.
சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது
மாடிவீட்டுக் காவலாளி கேட்டான்:
"ரெயில் பாதையைத் தாண்டினா கடல்தானே, மிஸ்?"

தாண்டினால் கடல்தான்.
ஆனால் அது வேலை முடிந்து
பஸ்ஸில் கூடவே வீட்டுக்கு வருகிற கடல்.
ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற கடல்.
நாங்கள் போவது உடப்புக்கு,
நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்,
விடிவதற்குள்.

காலிமுகத்திடலில் பதினொரு பேர்.
இறால் வடைக்காரன் அடுப்பை அணைக்கிற நேரம்
ஆளுக்காள் பெயர் சொன்னோம்,
பாதியைக் காற்று தின்றது.
ஃபர்வீனா, அல்லது ஃபர்ஹானா.
லக்மால். பல் வைத்தியர் ஒருவர்.
பம்பையும் ஒட்டுத்துண்டையும் என்னிடம் தந்து
கடைசி இடம் உனக்கு என்றார்கள்.
உனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது.
அது ஒன்றுதான் விதி.

ஆகவே இரவு முழுக்க எனக்கு முகங்கள் இல்லை.
விளக்குகள்தான்.
துடிதுடித்து எரிகிற ஒன்று:
யாரோ அவசரக்காரப் பையன்.
இரண்டு ஒன்றாகவே போயின,
புதுசாய்க் கலியாணம் கட்டியவர்கள் என்று வைத்துக்கொண்டேன்.
எனக்கு நேர் முன்னால்
ரப்பர் வளையத்தால் கட்டிய ஒரு மங்கல் சிவப்பு,
பள்ளங்களில் தலையாட்டியபடி.

பேலியகொடையில் மீன் லொறிகள்.
நாங்கள் பார்க்கப் போகிற கடல்
ஐஸ் பெட்டிகளில் எதிரே வந்துகொண்டிருந்தது.
ஜா-எலவில் நாய்கள்.
கட்டுநாயக்கவில் தலைக்கு மேலே
சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்ட விமானம்,
எங்களைவிட வேகமாக,
எங்களைவிட அதிகம் அழுதுகொண்டு.

அதற்கும் முன்னால், சீதுவைப் பக்கம்,
ஒரு வளைவில் என் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது.
அங்கே ஒன்றுமில்லை.
சலூன் ஒன்று, பூட்டியிருந்தது.
பீப்பாய்களும் மணல்மூட்டைகளும் போய்
எத்தனை வருசம்.
ஆனாலும் அடையாள அட்டை இருக்கிற பையை
ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மிதித்தேன்.
அப்போது கண்டேன்:
அந்த மங்கல் சிவப்பும் தயங்கியது.
அதே இடத்தில்.
நம்மட ஆள், என்று நினைத்தேன்.
பிறகு இருபது மைல்
அந்த வெளிச்சத்தோடு எனக்கு ஒரு சொந்தம்.

வென்னப்புவவில் காற்றுப் போனது ஃபர்வீனாவுக்கு.
(ஃபர்வீனாதான், கேட்டு உறுதிசெய்தேன்.)
கண்ணாடிப் பெட்டிக்குள் செபஸ்தியார்,
மின்குமிழ் எரிய, உடம்பெல்லாம் அம்பு.
அவருடைய வெளிச்சத்தில் டயரைத் தடவி
எங்களுடைய ஒரேயொரு ஆணியைக் கண்டுபிடித்தோம்.

சிலாபம் தாண்டியபின் யாரும் பேசவில்லை.
முழங்கால்கள் மட்டும் பேசின.
கருவாட்டு வாசம் வந்தது, பிறகு உப்பு,
பிறகு அந்த இரைச்சல்,
என் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற அதேதான்,
ஆனால் தலை வாராமல்.

சூரியன் முதுகுப் பக்கம் எழும்பியது.
முதலில் எங்கள் கைகள் வெளுத்தன,
பிறகு மணல்,
கடைசியாகத்தான் கடல்.
கரைவலை இழுக்கிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள்,
இறுக்கமான காற்சட்டையில் பதினொரு பைத்தியங்கள்.
ஒருவர் கயிற்றின் நுனியை நீட்டினார், பகிடிக்கு.
பல் வைத்தியர் வாங்கிக்கொண்டார்.
துடிதுடித்த விளக்கு அவருடையது, வயது அறுபத்திரண்டு.
புதுமணத் தம்பதி
அண்ணனும் தம்பியுமாய் இருந்தார்கள், மீசையோடு.

லக்மால் தன் சைக்கிளின் பின்னாலிருந்து
ரப்பர் வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
"சீதுவ," என்றேன்.
"நான் அங்க நிண்டது," என்றான் தமிழில்,
சொற்களை ஒவ்வொன்றாய் இறக்கி வைத்து.
"ரெண்டு வருசம். நைட்."

இதற்கு என்ன சொல்வார்கள்?
அலை வந்து இரண்டு பேரின் சப்பாத்தையும் நனைத்தது.
என்னிடம் ஒரு மாலுபாண் இருந்தது, நசுங்கியது.
பிய்த்தேன். பெரிய பாதி எது என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது லொறியில் வந்தோம்.
சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று.
யாரோ அணைக்க மறந்த ஒரு சிவப்பு
பட்டப்பகலில்
வத்தளை வரைக்கும் எரிந்துகொண்டே வந்தது.