வெளியிலிருந்து திறக்கும் கதவு

வின்னிபெக்கில் எங்கள் முதல் வண்டி
ஆயிரத்து நூறு டாலர்.
லுவாம் ஐந்நூறு போட்டாள், அப்ரெஹெத் நானூறு,
நான் நூற்றறுபது.
நாற்பது குறைந்தது.
விற்ற உக்ரைன்காரர் எங்கள் கால்களைப் பார்த்தார்:
நவம்பர் பனியில் மூன்று ஜோடி துணிக் காலணிகள்.
போகட்டும் என்று சாவியைத் தந்தார்.
அடுத்த கோடையில் நாற்பதை எடுத்துக்கொண்டு போனோம்.
அந்தத் தபால்பெட்டியில் வேறு பெயர்.

வண்டியின் வலது பின்கதவு
உள்ளிருந்து திறக்காது.
குறைவாகப் பணம் போட்டவளுக்கு அந்த இருக்கை
என்று லுவாம் தீர்ப்புச் சொன்னாள்.
அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும்
யாராவது இறங்கி, சுற்றி வந்து,
எனக்குக் கதவு திறந்தாக வேண்டும்.
"அமைச்சர் இறங்குகிறார், வழிவிடுங்கள்"
என்று குனிவாள் அப்ரெஹெத்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பிளீச் நெடி
கையை விட்டுப் போகாத அதிகாலையில்.

இரவில் கார்களுக்கும் மின்சாரம் செருகி
உறங்கவைக்கும் ஊர் இது.
ஒருநாள் செருக மறந்தோம்.
மைனஸ் முப்பத்தாறு.
மறந்தது யார் என்ற சண்டையில்
அவர்கள் இருவரும் இரண்டு மாதம் பேசவில்லை.
ஆனால் வண்டி ஒன்றுதானே.
"அவளிடம் சொல், சிவப்பு விளக்கு" என்பாள் ஒருத்தி.
"எனக்குக் கண் இருக்கிறதென்று சொல்" என்பாள் ஓட்டுபவள்.
பின்சீட்டிலிருந்து நான்
திக்ரிஞ்ஞாவைத் திக்ரிஞ்ஞாவிலேயே
மொழிபெயர்த்தேன்.

பதினாறு வருஷம்
என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

அப்ரெஹெத்துக்கு இப்போது மூன்று லாரிகள்.
பதினெட்டுச் சக்கர வண்டியை
இன்னும் தானே கால்கரிக்கு ஓட்டுகிறாள்.
மற்ற ஓட்டுநர்களுக்கு அதிகாலை நான்கு மணிக்கு
"செருகினாயா?" என்று செய்தி அனுப்புகிறாள்.
லுவாமுக்குக் கணக்காளர் அலுவலகம்.
கண்ணாடிக் கதவில் பெயரைத் தப்பாக எழுதினார்களென்று
இரண்டு முறை திருப்பி அனுப்பினாள்.
தப்பான பெயருக்கும்
திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள்.
நான் பல் செய்கிறேன்.
இந்த ஊரின் தெற்குப் பக்கத்தில்
நிறையப் பேர் சிரிப்பது என் பற்களால்.
அவர்களுக்கு என்னைத் தெரியாது.
தெருவில் யாராவது கொட்டாவி விட்டால்
என் வேலையா என்று பார்க்கிறேன்.

மூவரும் ஒரே இரவு ஓய்வாயிருக்க
மூன்று மாதம் நாள்காட்டி புரட்டினோம்.
நேற்று வாய்த்தது.
காப்பி மூன்றாம் சுற்றுவரை போயிற்று.
அப்ரெஹெத்தின் தம்பி முகாமிலிருந்து அழைத்தான்.
அவள் எழுந்து வேறு அறைக்குப் போனாள்.
நாங்கள் சோளப்பொரியைத் தொடாமல் இருந்தோம்.
திரும்பி வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை,
தன் கோப்பையை மட்டும் நீட்டினாள்.

லுவாமின் புதுக் கார் எங்களை ஏற்றிக்கொண்டது.
இருக்கையே சூடாகிறது அதில்.
"அடுப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி"
என்று முன்சீட்டில் நெளிந்தாள் அப்ரெஹெத்.
என் வீட்டு வாசலில் நிறுத்தினாள் லுவாம்.
நான் இறங்கவில்லை.
கைப்பிடி முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது,
புத்தம் புதுசு, விரல் பட்டால் திறக்கும்.
என்னவோ நினைவில்
மடியில் பையை வைத்துக் காத்திருந்தேன்.

லுவாம் கண்ணாடி வழியே பார்த்தாள்.
எஞ்சினை அணைக்காமல் இறங்கி
விலை உயர்ந்த காலணி பனியில் புதைய
சுற்றி வந்தாள்.

குளிர் ஒரே மூச்சாய் உள்ளே வந்தது.
தலையைத் திருப்பாமலே
அப்ரெஹெத் சொன்னாள்:
"அமைச்சர் இறங்குகிறார்."