முப்பதுக்கு நாற்பது

மூவாயிரம் அடியில் குடை விரிந்தது.
கீழே ஜக்கூர் ஓடுதளம், ஏரி,
விமான நிலையத்துக்கு விரையும் டாக்சிகள்.
ஆடிப் பெருக்கு கழிந்து இரண்டு நாள்.
காலையில் பிழிந்துபோட்ட சட்டைபோல் தொங்கிய காற்றுப்பை
இப்போது கம்பத்தில் விறைத்து நின்று
நிமிடத்துக்கொரு திசை சொல்கிறது.

அம்மியும் பறக்கும் மாதம்தான்.
பறந்த அம்மி எப்படித் தரையிறங்கியதென்று
பழமொழியில் இல்லை.

இறங்க வேண்டிய வட்டத்துக்கு மேற்கே பதினான்கு மாடி.
போன வருடம் ஏழு.
காற்று அதன் முகத்தில் மோதி ஏறி
முதுகுப்புறமாக உருண்டு விழுகிறது.
பாலத்துத் தூணுக்குப் பின்னால் சுழி இருக்குமே, அது.
தண்ணீரென்றால் நுரையாவது காட்டும்.

போன வாரம் வட்டத்தின் நடுப்புள்ளியில்
என் குதிகால் பட்டது, கைதட்டினார்கள்.
ஒரு மூச்சு நேரம் அந்தச் சத்தம் இழுத்தது.
பிறகு திரும்பினேன், உயரம் கையிலிருக்கும்போதே.
தாழ்ந்தபின் திரும்பிய எஸ்தரின் இடுப்பெலும்பில்
ஆறு திருகாணி.

அப்போதும் விடவில்லை.
குடையின் இடது மூலை மடங்கிப் படபடத்தது.
வயிறு எனக்கு முன்னால் கீழே போய்விட்டது.
பேருந்து குலுங்கினால் கம்பியைத் தேடுமே,
அப்படிக் கைகள் பிரேக்கை இழுக்கத் துடித்தன.
காதில் ரேடியோ, முனிரத்னா:
"கை மேலே. கை மேலே."
கன்னடமா தமிழா,
இரண்டிலும் அதுதான்.

எதையும் செய்யாமலிருக்க
இத்தனை பலம் வேண்டுமென்று தெரியாது.
வேகம் துணிக்குள் புகுந்து
அதை மறுபடி குடையாக்கியது.

ஏரிக்கு அந்தப்பக்கம் ஒரு புது லேஅவுட்,
மரமில்லை, கம்பியில்லை, வெறும் எல்லைக்கற்கள்.
காற்றுக்கு முகம் கொடுத்தேன்.
கால்கள் ஒட்டி, முழங்கால் சற்றே மடங்கி,
கடைசி ஆள் உயரத்தில்தான் பிரேக்.
நின்று காட்ட முயலவில்லை.
பாதம் கெண்டை தொடை இடுப்பு முதுகு
என்று பங்கு வைத்து விழுந்தேன்.

குடைக்கு விழ மனமில்லை.
மனை எண் நூற்றுப் பதினேழிலிருந்து
நூற்று இருபத்தொன்றுவரை இழுத்துப்போனது.
ஒற்றைக் கயிற்றை மட்டும்
கைமேல் கையாக வாங்கிக்கொண்டே வந்தேன்,
அது வெறும் துணியாகும்வரை.

காவலாளி அவசரப்படாமல் வந்தார். கையில் பதிவேடு.
"சைட் பார்க்க வந்தீங்களா?"
வாய் நிறைய செம்மண். தலையாட்டினேன்.
"கார்னர் எல்லாம் போயிடுச்சு. இது முப்பதுக்கு நாப்பது."

படுத்தபடியே ஒரு காலை அசைத்தேன்,
பிறகு மற்றதை.
போதும்.