ஒரு நூல்கூட

காலை ஐந்தே முக்காலுக்கு
வெர்லின் ஹாஃப்ஸ்டட் வானொலி நிலையத்துக்கு வரும்போது
பையில் தலைநகர்ப் பத்திரிகை இருக்கும்,
மூடி நசுங்கிய காப்பிக் குடுவை,
பன்னிரண்டு அங்குல ஸ்டீல் ஸ்கேல்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
பொத்தான்கள் என் பொறுப்பு.
யாருக்கு வாக்களித்தாய் என்று
பதினோரு வருடத்தில் அவர் கேட்டதில்லை.
தெரிந்துதான் இருக்கும்.
அதற்காக என் டோனட்டில் கை வைத்ததில்லை.

செய்தியைப் படிப்பதற்கு முன்
அளப்பார்.

"மேயர் ஃபேகனின் மைத்துனனுக்குத்
தண்ணீர் மீட்டர் ஒப்பந்தம்.
ஒன்பதாம் பக்கம், சோள விதை விளம்பரத்துக்கு அடியில்,
மூன்றே கால் அங்குலம்.
மேயர் எந்தக் கட்சி?
பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், காணோம்.
எங்கள் ஆள் ஒருவன் சட்டமன்றத்தில் கொட்டாவி விட்டானே,
அதற்குப் பதினான்கு அங்குலம்,
வண்ணப் படத்தோடு.
உடைவது எப்போதும் குடம்தான் நண்பர்களே.
உடைத்த கையைப் பார்த்த பிறகுதான்
அது மண்ணா பொன்னா என்று
இவர்கள் முடிவு செய்கிறார்கள்."

ப்ளாட் ஆற்றின் இரு கரையிலும்
டிராக்டருக்குள் இருந்தவர்கள் தலையாட்டுவார்கள்.
அவர் வெளியே போன நேரம்
நானும் ஒருமுறை அளந்து பார்த்தேன்.
மூன்றே கால்தான்.

மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகக் கிடந்த வாரம்,
செனட்டர் ட்வைட் பெங்ஸ்டன் மாட்டிக்கொண்டார்.
மாநிலச் சாலைக்குப் போக வேண்டிய ஜல்லி,
நாற்பத்தொரு லாரி,
அவருடைய பண்ணைப் பாதையில் கிடந்தது.
வெர்லின் மகளின் கல்யாணத்தில்
போல்கா ஆடியவர் பெங்ஸ்டன்.
எனக்கு நினைவிருக்கிறது, நன்றாகவே ஆடினார்.

"ஐம்பத்திரண்டு அங்குலம்!" என்றார் வெர்லின்.
முதல் பக்கத்தில் தொடங்கி
ஆறாம் பக்கத்தில் முடிகிறது என்றார்.
படத்தை வேண்டுமென்றே கறுப்பாக்கினார்கள் என்றார்.
ஐம்பத்திரண்டு அங்குலத்தைப் பற்றி
ஒன்றரை மணி நேரம் பேசினார்.

எட்டு பத்துக்கு ஓர் அழைப்பு.
இர்மா டுவோராக், கோழிப்பண்ணை.
நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து கேட்பவள்.

"வெர்லின், நீ சொல்வதை நம்பித்தான்
அந்தப் பத்திரிகையை நிறுத்தினேன்.
இன்றைக்கு முட்டை வேகவைக்கிற டைமரைத் திருகி வைத்தேன்.
ஃபேகனுக்கு நீ மூன்று காலைப் பொழுது கொடுத்தாய்.
ஜல்லியைப் பற்றி நீ பேசியது
நாற்பது நொடி.
முட்டை பச்சையாக இருக்கிறது, வெர்லின்."

வானொலியில் ஐந்து நொடி மௌனம் தாண்டினால்
சிவப்பு விளக்கு எரியும்.
எரிந்தது.
என் விரல் விளம்பரப் பொத்தானுக்குப் போனது.
கண்ணாடி வழியே அவர் தலையசைத்தார்.
வேண்டாம்.
ஒன்பது. பத்து.
பதினான்கு.

"அந்த மூன்றே கால் அங்குலம் நிற்கிறது, இர்மா.
அதில் ஒரு நூல்கூட விட்டுத் தர மாட்டேன்."
தொண்டையைச் செருமினார்.
"சரி. லாரி எண்களை வாசிக்கிறேன்."

நீதிமன்றத் தாளை எடுத்து
ஒவ்வொன்றாக வாசித்தார்,
தேதி, எடை, ஓட்டுநர் பெயர்.
ஓட்டுநர்களில் இருவர் எங்கள் நேயர்கள்.
ஒன்பது மணிச் செய்தி வரும்வரை
முப்பத்தாறு லாரிதான் முடிந்தது.
மிச்சம் ஐந்தை மறுநாள் வாசித்தார்.
அதற்குள் விதைக் கம்பெனி
விளம்பரத்தை நிறுத்தியிருந்தது.

பெங்ஸ்டன் இன்னும் செனட்டர்தான்.
ஃபேகன் இன்னும் மேயர்.
பத்திரிகை அந்த வாரமும்
மீட்டர் விவகாரத்தை ஒன்பதாம் பக்கத்திலேயே வைத்திருந்தது.
வெர்லின் அளந்தார், கத்தினார்,
அதில் நியாயம் இருந்தது.

இப்போது ஸ்கேலுக்குப் பக்கத்தில்
கோழி வடிவில் ஒரு டைமர்.
அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
டிக் டிக் சத்தம் மைக்கில் ஏறுகிறது,
நேயர்கள் புகார் எழுதுகிறார்கள்.
அதை வடிகட்ட ஒரு பொத்தான் இருக்கிறது,
இடமிருந்து நான்காவது.