இருப்புப் பட்டியல்

ரோஸ் பெல் பள்ளியில்
தமிழ்த் துறை என்றால் நான் ஒருத்திதான்.
பிரெஞ்சுக்கு மாடி முழுக்க. ஆங்கிலத்துக்கு அதற்கும் மேல்.
எனக்கு வேதியியல் ஆய்வகம்,
செவ்வாயும் வியாழனும்,
அதுவும் யாரும் அமிலம் ஊற்றாத வேளையில்.

சாவி அலுவலகத்தில், திருமதி வீரப்பென்னின் இழுப்பறையில்.
"கையெழுத்து" என்பார், தலை நிமிராமல்.
அஷர் பீராலி வாசலில் நின்றபடி எண்ணுவார்:
ஆறு.
போன வாரம் ஏழு.
ஏழாமவள் கணக்குப்பதிவியலுக்குப் போய்விட்டாள் என்று
அவர்தான் சொன்னார், தன் வீட்டு நஷ்டம்போல.

நான் ழகரம் எழுதினால்
சுண்ணத் தூள் குடுவைகளில் படியும்.
ஆய்வக உதவியாளன் கிளென்சி
அடுத்த மணிக்குள் துடைத்துவிடுவான்.
முகம் சுளித்ததில்லை. பேசியதும் இல்லை.
கேஸை மூடியாயிற்றா என்று மட்டும்
கிரியோலில் கேட்பான்.

பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை இரண்டுக்கு ஏறியது.
நோட்டுகளைப் போட்டது போட்டபடி பஸ்ஸுக்கு ஓடினோம்.
மூன்று நாள் கழித்து வந்தால்
மேசையெல்லாம் தண்ணீர்.
நோட்டுகள் அமில அலமாரியின் மேல்தட்டில்,
பூட்டுக்குள், காய்ந்தபடி.
அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில்
ரெக்டர் கையெழுத்துக்குக் காத்திருந்த
ஆய்வக இருப்புப் பட்டியல் கண்ணில் பட்டது.
பியூரெட் இருபத்திரண்டு, உடைந்தது மூன்று.
முக்காலி முப்பது, உடைந்தது ஒன்று.
அடுத்து, கிளென்சியின் சாய்ந்த எழுத்தில்:
தமிழ், ஒரு தட்டு.
உடைந்தது இல்லை.

அன்று கேஸை
இரண்டு முறை திருகிப் பார்த்தேன்.