பயன்பாட்டின் வகை

வியாசர்பாடி மாநகராட்சி பொழுதுபோக்கு மன்றத்தின்
மூன்று சாவிகள் என் இடுப்பில்.
நான்காவது பூட்டு உடைந்து இரண்டு வருஷம்.
கடிதம் போட்டிருக்கிறோம்.

கேரம் பலகை ஐந்து.
அதில் ஒன்று மழையில் ஊறிச் சாய்ந்துவிட்டதால்
வலது மூலைக் குழிக்குக் காய்கள்
தாமாகவே நடந்து போகும்.
பையன்கள் அதற்கு 'தாராளம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

சந்தா மாதம் முப்பது ரூபாய்.
கேட்டால் ஜெயசீலன் 'ஜிபே பண்றேன்க்கா' என்பான்,
பண்ண மாட்டான்.
ஆனால் புயல் ராத்திரியில் கூரை ஏறி
தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது அவன்தான்.
அதை நான் எந்தப் பக்கத்தில் வரவு வைக்க?

போரிக் பவுடர் டப்பா எண்பது ரூபாய்.
ஐப்பசி வந்தால் கட்டிதட்டிப் போகிறது.
ஒருமுறை வாணலியில் வறுத்துப் பார்த்தேன்,
ஒரு வாரம் பலகையெல்லாம் கடுகு வாசனை.

கரண்ட் பில் கடைகளுக்கான விகிதத்தில் வருகிறது.
'இங்க என்னங்க வியாபாரம் நடக்குது?'
என்று கவுண்டரில் கேட்டேன்.
'தீர்மானம் போட்டுக் கொண்டாங்க' என்றார்கள்.

பன்னிரண்டரைக்கு எஸ்தர் வருவாள்.
மீன் கூடையைக் குழாயடியில் வைத்து
ஈரச் சாக்குப் போட்டு மூடிவிட்டு
இரண்டாவது ஃபேனுக்குக் கீழே
சுவரில் சாய்ந்து காலை நீட்டுவாள்.
தூங்கமாட்டாள். கண் திறந்தே இருக்கும்.
முப்பத்தைந்து நிமிஷம். எழுந்து போய்விடுவாள்.

பதிவேட்டில் ஆறு கட்டங்கள்.
ஐந்தாவது, பயன்பாட்டின் வகை.
கேரம், செஸ், உடற்பயிற்சி,
இதில் ஒன்றை எழுத வேண்டும்.
'சும்மா இருந்தா என்ன சார் எழுதறது?'
மண்டல அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்டேன்.
'அப்படீன்னா அவங்க வரலைன்னு அர்த்தம்.'

நாளுக்கு நாற்பது தலை குறைந்தால் நிதி இல்லை,
கூடத்தைப் பந்திக்கு வாடகை விடுவார்கள்.
எழுதினேன்: கேரம்.
டியூஷனுக்குப் பயந்து ஒளிகிற
தபஸ்ஸும், அவள் தங்கை: கேரம்.
நைட் ஷிப்ட் முடித்து
செருப்பைத் தலைக்கு வைத்துப் படுக்கும் காவலாளி: கேரம்.
கணக்குப்படி எங்கள் வார்டு
இந்தியாவுக்கே ஆடக்கூடிய வார்டு.

ஆனி மாதம் தணிக்கைக்கு ஒருவர் வந்தார்.
பக்கத்தில் விரல் வைத்து நகர்த்தினார்.
'எஸ்தர், ஐம்பத்தொண்ணு வயசு,
எழுபத்தெட்டு நாள் கேரம்.
யாரும்மா இந்த சாம்பியன்?'

மணி பன்னிரண்டே முக்கால்.
சாம்பியன் சுவரோரம் இருந்தாள்.
கணுக்காலில் ஒரு செதில் மின்னியது.

கூப்பிட்டதும் எழுந்து வந்தாள்.
முகத்தைப் பார்த்தே என் பொய் புரிந்துவிட்டது போல,
ஸ்ட்ரைக்கரை வாங்கி, தாராளத்தில் வைத்து,
மாங்காய் சுண்டுகிற மாதிரி
ஒரு சுண்டு சுண்டினாள்.
ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது.
'மைனஸ்!' என்று கத்தினான் ஜெயசீலன்.

எஸ்தர் சொன்னாள்:
'நான் ஆட வரல சார்.
வூட்லயும் ஃபேன் கீது.
அதுக்குக் கீய எட்டு பேரு கீறாங்கோ.
இங்க குந்தினா
ஒருத்தரும் என்னக் கூப்ட மாட்டாங்கோ.'

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.
நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டு
உட்கார்ந்தார், கொஞ்ச நேரம்,
ஃபைலைத் திறக்காமல்.

அடுத்த வரிசையில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டேன்:
'சார், உங்களுக்கு என்ன வகைன்னு எழுத?'

ஆவணியில் பணம் வந்தது.
தலைப்பு: அழகுபடுத்துதல்.
கூரைக்குச் செலவழிக்கக் கூடாதாம்.
சுற்றுச்சுவரில் இப்போது ஒரு பெண்
பச்சை வானத்தில் இறகுப்பந்து ஆடுகிறாள்.
எங்களிடம் அந்த வலை கிடையாது.
உள்ளே ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

எஸ்தர் பெயருக்கு நேரே
இப்போது 'மின்விசிறி' என்றே எழுதுகிறேன்.
இதுவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

பையன்கள்தான் விடுவதாயில்லை,
அவள் தாராளத்துக்கு
ஒரு காய் பாக்கி என்கிறார்கள்.