படுக்கவைத்த அலமாரி

மூன்று தளம், இரண்டு ஏணி,
உச்சியில் மஞ்சள் வீடு.
தொழில்முறையில் எனக்குப் பிடித்துப்போன கூண்டு அது.
நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
வூட்ச் நகரத்து ரெட்கினியாக் குடியிருப்பில்
பதினோரு மாடிக் கட்டடங்கள் நாற்பத்தாறு
என் சாவிக்கொத்தில் தொங்குகின்றன.

பெஸ்த்கா விழுந்தது பிப்ரவரியில்.
பெரிய சத்தமில்லை,
ஈரக் கையுறை ஒன்று தரையில் விழுந்தாற்போல.
இரண்டு வயது, மூன்று மாதம்.
ஹாம்ஸ்டர் கணக்கில்
ஓய்வூதியமே அலுத்துப்போகிற வயது.
இடக்கண்ணில் பால் படர்ந்திருந்தது, வலதும் சந்தேகம்.
இடுப்பருகே ரோமம் உதிர்ந்து
இளஞ்சிவப்பில் ஒரு நாணயம்.

கிழவிக்கு எதற்கு மாளிகை என்று
நாற்பதுக்கு முப்பது பயணக்கூட்டில் விட்டேன்.
தண்ணீர், தானியம், படுக்கை
எல்லாம் மூக்குக்கெட்டும் தூரம்.
எனக்கே பெருமையாக இருந்தது.

இரவு முழுக்கக் கம்பியைக் கடித்தாள்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
தளம் வந்தும் கதவு திறக்காத மின்தூக்கிக்குள்ளிருந்து
மோதிர விரலால் தட்டுவார்கள்,
முதலில் மரியாதையாக,
பிறகு.

மூன்றாம் இரவு ஹால்ஷ்கா எழுந்து வந்தாள்,
என் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு.
கூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"உயரத்தைக் குறைக்கச் சொன்னால்
நீளத்தை ஏன் குறைத்தாய்?"
தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன துணி அலமாரி.
கதவுகளைக் கழற்றி மல்லாக்கப் படுக்கவைத்தேன்.
நூற்றிருபது நீளம், அறுபது அகலம்.
யாருடைய கோட்டுகளோ விட்டுப்போன வாடை;
வினிகரில் துடைத்து ஒரு வாரம் காற்றாட விட்டேன்.
அதுவரை அவளுக்கு இரவுலா,
குளியல்தொட்டியில், என் பழைய துண்டின்மேல்.

ஏணிகள் குப்பைக்கு.
வாசல் விளிம்பு விரல் தடிமனைத் தாண்டாத வீடு.
கால் இடறும் கம்பிச் சக்கரத்துக்குப் பதில்
இடைவெளியில்லாத தடம் கொண்டது,
ஓடினால் முதுகு வளையாத அகலத்தில்.
தலை நிமிர்ந்து குடிக்கும் குழாய் போய்
தாழ்ந்த பீங்கான் தட்டு.
ஒரு மூலையில் மட்டும் மரச்சுருள் ஆழமாக, முழங்கை வரை;
அங்கிருந்து மெல்லச் சரியும் தரை,
நழுவாமலிருக்க நடுநடுவே கார்க் பட்டை.
தோண்டட்டும்.
இந்த ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்,
ஆறுகளோ தெருக்களுக்கடியில் ஓடுகின்றன.
இவளும் போகட்டும் அந்த வழியில்.

பழைய படுக்கையை முழுதும் கொட்டவில்லை.
இரண்டு பிடி, அவளுடைய மூத்திர வாடையோடு,
புதியதன் நடுவே வைத்தேன்.
பார்வை மங்கியவளுக்கு
அதுதான் தெருப்பெயர்ப் பலகை.

முடித்து நிமிர்ந்தபோது மணி ஒன்றேகால்,
அவசர அழைப்பு.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒருவர்,
கையில் ஒரு வாளி முட்டைக்கோஸ் ஊறுகாய்.
மேலே இயந்திர அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி
ஏழாவதில் இறக்கினேன்.
"என் வீடு ஒன்பதில்" என்றார்.
"இன்று எல்லோரையும் இறக்கிக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. வாளியை நான் தூக்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் திரும்பினால்
நான் வீடு வைத்த மூலையில் யாருமில்லை.
காகிதக் கிழிசல்களை வாய் வாயாக இழுத்துப்போய்
சக்கரத்துக்கடியில் கூடு கட்டியிருந்தாள்.
சக்கரம் இனி அசையாது.
பூசணி விதைகள் தண்ணீர்த் தட்டில் ஊறிக்கொண்டிருந்தன,
பல்லுக்கு இதமாக வேண்டுமென்றே போட்டாளோ என்னவோ.
மூக்கால் என்னைப் பார்த்தாள்,
ஊறுகாய் வாடையில் சற்றுத் தயங்கி.

காலணியைக் கழற்றாமலே மண்டியிட்டு
இரும்பு நாடாவை இழுத்தேன்.
சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே
பதினாறு.
வீடு பதினெட்டு.

ரம்பம் மாடிப்படிக்கடியில் இருக்கிறது.
விடியட்டும்,
அவள் தூங்கப் போகட்டும்.